கொசுவலைக் கடையில் தினம் ஒரு கட்டுரை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வாய்வார்த்தைக்காகச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற அட்டையில் ‘சுகம்’ என்று தனியாக ஒரு வரிசையே இருக்கிறது. காலையில் எழுந்து அவரவர் கட்டத்தில் டிக் போட்ட பிறகுதான் காபிக்குக் கை நீட்ட வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் அட்டை எதுவும் இல்லாமலே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொடுத்து வைத்தவர்கள்.

ஃபோன் கையில் இருக்கும்போது அக்கா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். செய்தி அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். நான் அழுதாலும் கட்டைவிரல், சிரித்தாலும் கட்டைவிரல். கூப்பிட்டால் மீட்டிங். மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால் இந்த வீட்டில் இருக்கிற ஒரே மின்னஞ்சல் கடையுடையது. நான் அனுப்புவதற்குள் உன் அத்தான் அதைத் திறந்து படித்து, அதற்கு ஒரு பதிலும் எழுதி, ‘வாடிக்கையாளருக்குப் பதில் அளித்தேன்’ என்று டிக்கும் போட்டுவிடுவார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைக்கு நீ கட்டிக் கொடுத்த இணையதளத்தையும், அதைக் கட்டி மேய்க்க நீ போட்டுக் கொடுத்த அன்றாட அட்டவணையையும் இருந்த இடம் தெரியாமல் கலைத்துவிடு. எனக்கு என் புருஷன் பழையபடி வேண்டும். அவர் முன்பும் வாயாடி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஜாதிதான். ஆனாலும் ராத்திரி சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கு எந்த வீட்டில் எந்த ஜன்னல் கோணலாக இருந்தது என்றாவது ரெண்டு வார்த்தை சொல்வார். அட்டை வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. முகத்தைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொடுத்துவிட்டு முதுகை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

நீ நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். விடுமுறைக்கு வந்தவன் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போயிருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதுவேன் என்று உட்கார்ந்தாய். “அத்தான், நீங்க எவ்வளவு நல்லா வலை அடிச்சாலும், தேடுறவன் கண்ணுக்குப் படலைன்னா பிரயோஜனமே இல்ல. தினமும் ஒரு கட்டுரை போடுங்க. மூணே மாசத்துல ‘கொசுவலை’ன்னு தேடினா நம்ம கடைதான் மேல வரும். ஒரு நாள் விட்டீங்கன்னா சங்கிலி அறுந்துடும், பார்த்துக்கோங்க” என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜ் அளவுக்கு ஓர் அட்டையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வண்டி ஏறிவிட்டாய். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவரிடம் இப்படியா ஒரு அட்டையைக் கொடுப்பது? நீ போன மறுநாளே அவர் அட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் அட்டை ஒட்டினார். அடுத்த வாரம் ஃபிரிட்ஜுக்குக் கதவு போதவில்லை.

இதில் நம் அப்பா வேறு சேர்ந்துகொண்டார். ஆயுசு முழுக்க கோர்ட்டில் டைப் அடித்த விரல்கள் ஓய்வுபெற்ற பிறகு மேஜை, தட்டு, என் தையல் மிஷின் என்று கிடைத்ததையெல்லாம் தட்டிக்கொண்டு இருந்தன. கட்டுரை என்று அத்தான் சொன்னதும், “நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை, நான் அடிக்கிறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். அத்தான் சொல்வது நாலு வார்த்தை. “கொசு வருது. வலை போடுங்க.” அவ்வளவுதான். அப்பா கையில் அது போய் வெளியே வரும்போது இப்படி இருக்கும்: ‘மேற்படி கொசுவானது மேற்படி வீட்டின் மேற்குப்புற ஜன்னல் வழியாக, எவ்வித முன்னறிவிப்புமின்றி, வீட்டுக்காரரின் சம்மதம் பெறாமலும், அன்னார் உறங்கும் சமயம் பார்த்தும் உள்ளே பிரவேசித்து, அன்னாரின் இடது காதருகே ரீங்காரமிட்டு, அன்னாருக்குச் சொல்லொணா மன உளைச்சலை விளைவித்தபடியால்…’ படித்தால் கொசுவலை வாங்கத் தோன்றாது. வக்கீல் வைக்கத் தோன்றும்.

கட்டுரையோடு படமும் போட வேண்டும், படத்துக்குக் கீழே அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும், அப்போதுதான் தேடும் இயந்திரத்துக்குப் புரியும் என்று நீ சொல்லியிருந்தாயாம். சரி என்று நம் வீட்டுப் பின்பக்க ஜன்னலைப் படம் எடுத்தார். நான் அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றதை எனக்கு யாரும் சொல்லவில்லை. படம் தளத்தில் ஏறியது. கீழே ஒரு வரி: ‘தரமான கொசுவலை, பின்னால் மனைவி.’ இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, அவர் வெட்டுகிற வலைக்கெல்லாம் ஓரம் தைத்துக் கொடுத்து, கடைசியில் உலகத்துக்கு நான் அறிமுகமானது இப்படி. போய்க் கேட்டேன். “உள்ளதைத்தானே போட்டிருக்கேன்?” என்றார். அன்றைக்கு முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

அடுத்தது, மற்றவர்கள் நம்மைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு கட்டம். அதற்காக உன் அத்தான் தெருமுனை சலூன்காரரோடு ஒப்பந்தம் போட்டார். நம் கட்டுரையில் சலூனைப் பற்றி ஒரு வரி வரும், பதிலுக்கு அவர் வருகிறவர்களிடம் கொசுவலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சலூன்காரர் சொன்ன சொல் தவறாதவர். ஷேவ் செய்ய உட்கார்ந்த ஆளின் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு, “வீட்டுல ஜன்னலுக்கு வலை போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாராம். “போட்டுடறேன், போட்டுடறேன்” என்று அந்த மனுஷன் பாதி முகத்தோடு எழுந்து ஓடியதாகக் கேள்வி. ஒப்பந்தம் அத்தோடு ரத்து.

பிறகு எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார். பாவம், தங்கமான மனுஷர். மாடி அறைக்கு வலை வேண்டும், அளவு எடுக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டார். எழுந்து டேப்பை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? அத்தான் அவரை உட்கார வைத்தார். “எங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார். வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் என்று நீ எழுதி வைத்திருந்தாய் அல்லவா? டாக்டர் முழித்தார். “நான் எதிர்வீடு தானேங்க” என்றார். “அது சரி. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீங்க? கொசுவலைன்னா, ஜன்னல் வலைன்னா?” “சொல்லெல்லாம் ஒண்ணும் போடலைங்க. ரோட்டைத் தாண்டினேன்.” உன் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விடாமல், “நம்ம தளம் எத்தனாவதா வந்துச்சு, அதையாவது சொல்லுங்க” என்றார். வழக்கமாக மற்றவர் வாயைத் திறக்க வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறவர் டாக்டர். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ‘நாளைக்கு வரேன்’ என்று ரோட்டைத் தாண்டிப் போனவர் இன்னும் திரும்பித் தாண்டவில்லை. அவர் மாடி ஜன்னல் எங்கள் சமையலறைக்கு நேர் எதிரில் இருக்கிறது. தினமும் அது வலை இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் தம்பி. விஷயம் வேறு. உன் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: ‘தளத்தில் உள்ள தேடல் பெட்டி வேலை செய்கிறதா என்று தினமும் எதையாவது தேடிச் சோதிக்கவும்.’ ஒருவர் சோதித்தால் போதும் என்றுதான் நீ நினைத்திருப்பாய். உன் அத்தான் அதை வீட்டுக்கே பொதுவாக்கிவிட்டார். நான், அப்பா, என் மகள் சின்னவள், அவர் என்று ஆளுக்கொரு கட்டம். தினமும் நம் தளத்தைத் திறந்து பெட்டியில் எதையாவது எழுதித் தேட வேண்டும், டிக் போட வேண்டும். சரி, பல் தேய்ப்பது மாதிரி இதையும் செய்துவிட்டுப் போவோம் என்று ஆரம்பித்தோம். வார முடிவில் உன்னிடமிருந்து ஒரு ரிப்போர்ட் தானாக வந்து விழுகிறதே, ‘உங்கள் தளத்துக்கு வந்தவர்கள் என்ன தேடினார்கள்’ என்று? அது அவர் கண்ணுக்கும் உன் கண்ணுக்கும்தான் தெரியும். எங்களுக்கு ரகசியச் சொல் கிடையாது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜனங்கள் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாங்கள் தேடினதற்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டுரை போட ஆரம்பித்தார்!

முதலில் அப்பா. அவருக்குக் காது மந்தம், ஃபோனில் பேசித் தேடுகிற பழக்கம். ஃபோனுக்கும் தன்னைப் போலவே காது மந்தம் என்று நினைப்பு. நடு ஹாலில் நின்றுகொண்டு, “மூட்டு! வலி! மாடிப்படி! ஏற முடியலை!” என்று கத்தினார். எதிர்வீட்டு டாக்டர் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். தெருவுக்கே கேட்டது, வீட்டு முன்பக்கக் கடையில் உட்கார்ந்திருந்த மருமகன் காதில் மட்டும் விழவில்லை. அடுத்த வாரம் கட்டுரைத் தலைப்பு, ‘மூட்டுவலிக்காரர்கள் மாடிப்படியைத் தவிர்ப்பது எப்படி’. அதை டைப் அடித்தது யார்? அப்பாவேதான். தான் கேட்டதை மறந்துவிட்டு, “யாரோ ஒரு பெரியவர் பாவம், கஷ்டப்படுறார் மாப்பிள்ளை, கொஞ்சம் விளக்கமா எழுதுங்க” என்று தனக்குத் தானே இரக்கப்பட்டுக்கொண்டு அடித்தார். ‘மூட்டுவலிக்கும் கொசுவலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை எனினும்’ என்று தொடங்கி, மேற்படி முதியவரின் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது நலம் என்று முடியும். மறுநாள் அத்தான் அப்பா கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து போட்டார். கேட்டதற்கு, “கட்டுரைக்குப் படம் வேணும்” என்றார். படம் எடுத்த பிறகு கட்டில் மேலே போகவில்லை, சோம்பேறித்தனம்.

அடுத்தது சின்னவள். கணக்கில் மதிப்பெண் மண்ணைக் கவ்வியிருக்கிறது. எங்களிடம் மூச்சுவிடவில்லை. ஆனால் அட்டையில் டிக் போட வேண்டுமே, தேடல் பெட்டியில் ‘மார்க் குறைந்தால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது’ என்று அடித்திருக்கிறாள். அதற்கும் கட்டுரை வந்தது. ‘மேற்படி மாணவி, மேற்படி தகப்பனார் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சமயம் பார்த்து, மதிப்பெண் அட்டையை அவர் வசம் ஒப்படைக்கலாம். அவர் திட்டமாட்டார். கையெழுத்திடுவார். அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுப்பார்.’ இவள் கெட்டிக்காரி, கட்டுரையைப் படித்துவிட்டு அன்றைக்கே சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையை நீட்டினாள். எழுதினவர் எழுதினபடி நடக்காமல் முடியுமா? கையெழுத்துப் போட்டார், கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார். மனுஷன் தன் வலையிலேயே தான் மாட்டிக்கொண்டார் என்று நானும் அவளும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரித்தேனே தவிர, அப்புறம் பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். ஜனங்கள் வருகிறார்கள், தேடுகிறார்கள் என்று நம்பி ஒரு மனுஷன் ராப்பகலாக எழுதுகிறார், வந்தது பூராவும் வீட்டு ஆட்கள். ‘அது நாங்கதாங்க’ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் உடைந்துபோவாரோ என்று பயம். அதே சமயம் கோபமும் வந்தது. என் தையல் மிஷின் ஓடி எத்தனையோ நாளாயிற்று. ஓரம் தைக்க வலை வருவதில்லை. எழுத்தையே கட்டிக்கொண்டு அழுகிறவரைத் தேடி ஆர்டர் எப்படி வரும் என்று பாத்திரங்களிடம் புலம்பிக்கொண்டு இருந்தேன். ஒரு மத்தியானம் நான் கை துடைத்துக்கொண்டு உட்காருகிற நேரம் பார்த்து வந்து நின்றார். சாப்பிட்டியா என்று கேட்பார் என்று பார்த்தால், “இன்னிக்குத் தேடினியா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஃபோனை எடுத்தேன், தளத்தைத் திறந்தேன். ‘புருஷன் வீட்டில் யாரோடும் பேசாமல் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தால் என்ன செய்வது’ என்று அடித்தேன். டிக்கும் போட்டேன், அட்டை கிழிகிற மாதிரி.

அப்புறம் அதை மறந்தே போனேன். போன வாரம் சின்னவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், அப்பா கீழ்க்கட்டிலில் குறட்டை. நான் ஃபோனை நோண்டிக்கொண்டு இருந்தபோது தளத்தில் புதுக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. தலைப்பு, நான் கேட்ட கேள்வியேதான். அதில் ஒரு ‘மேற்படி’ கிடையாது, ஒரு ‘அன்னார்’ கிடையாது. அப்பாவை எழுப்பாமல் அவரே ரெண்டு விரலால் தட்டித் தட்டி அடித்திருக்கிறார். நீ படித்திருக்க மாட்டாய், தெரியும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

‘கணவர் பேசவில்லை என்றால் உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். வேலை இருக்கிற ஆள் வேலையைப் பார்ப்பார். வேலை இல்லாத ஆள்தான் வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். இப்போது கட்டுகிற வீடுகளுக்கு ஜன்னலோடு சேர்த்தே வலை வந்துவிடுகிறது. அவரைக் கூப்பிட ஆள் இல்லை. இதை வீட்டில் சொன்னால் வீட்டில் இருப்பவர் முகம் வாடும். அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரையைப் பார்க்கிறார். என்ன கோபம் என்று அவரிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அவரே சொல்வார். சொல்லாவிட்டால் காபி கொடுத்துப் பார்க்கவும். தரமான கொசுவலைக்கு எங்களை அணுகவும்.’

தம்பி, நான் அழுதேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், அழுதேன். எழுதுகிறதால் ஆர்டர் போனது என்று நான் நினைத்துக்கொண்டு இருந்தேன். ஆர்டர் போனதால் எழுதுகிறார். இதை என்னிடம் சொல்லத் தெரியாமல், யாரோ ஊர் பேர் தெரியாத பெண்ணுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று தன் கதையையே கொட்டி வைத்திருக்கிறார், பாவம். கேட்டது நான்தான் என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது? முகத்தைக் கழுவிக்கொண்டு, காபி போட்டு எடுத்துக்கொண்டு, கடைக்குள் போய் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையில் சொன்னபடியே செய்தேன். அவர் திரையைப் பார்த்தார், நான் தெருவைப் பார்த்தேன். காபி பாதி குறைந்த பிறகு, “ஆர்டர் இல்ல” என்றார். “தெரியும்” என்றேன். “புது வீட்டுக்கெல்லாம் வலை கூடவே வருது.” “வந்தா என்ன, கிழியாதா?” என்றேன். திரும்பிப் பார்த்தார். “பூனை வளர்க்கிற வீடு எத்தனை இருக்கு? குழந்தைங்க இருக்கிற வீடு எத்தனை? கம்பெனிக்காரன் வந்து கிழிசலுக்கு ஒட்டுப் போடுவானா? நீங்க போட மாட்டீங்களா, நான் தைக்க மாட்டேனா?” உன் அத்தான் சிரித்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் பல்லைப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலமே டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்று நான் கேட்காமலே, “டாக்டர் வீட்டு ஜன்னலை அளந்துட்டு வந்துடறேன், எத்தனாவது இடம்னு கேட்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, என் மனுஷன் பேச ஆரம்பித்துவிட்டார். இனி எதற்கு இந்த இணையதளம், அட்டை, சங்கிலி எல்லாம்? யாருமே வராத கடைத்தெருவில் தினமும் காலையில் எழுந்து போய்க் கூவுகிற மாதிரி இருக்கிறது. வெளி ஆள் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று என்றைக்காவது அவருக்கே தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால் தம்பி, அது இது என்று ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி, தளம் தானாகவே படுத்துவிட்டது என்று சொல்லி, அவர் மனசு நோகாமல் கலைத்துவிடு. அக்கா உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதை மட்டும் செய்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தையின் நெற்றியில் என் சார்பில் ஒரு முத்தம் வை, தூங்கும்போது வைக்காதே, எழுந்துவிடும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதில் அக்காவுக்கு மாதம் ஒரு தடவையாவது ஃபோன் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா

பி.கு.: கடிதத்தை முடித்து, உன் விலாசத்தை உறையின் மேல் எழுதச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். புத்தி கெட்ட வேலை. கோர்ட்டில் இருந்தவர் கையில் ஒரு காகிதம் கிடைத்தால் முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்காமல் விடுவாரா? ‘அன்புள்ள தம்பிக்கு’ என்பதில் ஆரம்பித்து முழுக்க வாசித்தார், அதுவும் அவர் காதுக்கே கேட்கிற சத்தத்தில். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வருவதற்குள் ‘இப்படிக்கு’ வந்துவிட்டது. கடையிலிருந்து உன் அத்தான் எழுந்து வந்து வாசலில் நின்றார். அவர் ரொம்ப நிதானமாக, “அதைத் தேடினது நீன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். “ரிப்போர்ட்ல முதல் வரியிலேயே போட்டிருக்கானே உன் தம்பி, ‘வந்தவர்கள் நாலு பேர்’னு. ஆரம்பத்துலேர்ந்தே நாலு பேர்தான். மாமா தன் மூட்டு வலிக்குதுன்னு என்கிட்ட நேரா வந்து சொல்வாரா? சின்னவ மார்க்கைச் சொல்வாளா? நீதான் கேட்பியா? கடை ஓடலைன்னாலும் வீட்டுல யாருக்கு என்ன குறைன்னாவது தெரியுதேன்னுதான் விடாம எழுதினேன்.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதனால் தம்பி, மேலே எழுதியதில் ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. தளத்தில் கை வைக்காதே. ஒன்றே ஒன்று மட்டும் செய். “நாலாவது ஆள் நீங்கதானே, நீங்க என்ன தேடுனீங்க?” என்று கேட்டேன். திரும்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். ரகசியச் சொல் உன்னிடம் இருக்கிறது. அவர் தினமும் என்ன தேடினார் என்று பார்த்து எனக்கு எழுது. கட்டுரையை நான் எழுதிக்கொள்கிறேன்.